எல்ஸ்பத் மக்ரோறியின் கலியாணம்

‘சேர்’ பட்டம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதினமில்லை. ஆனால் நம் ஊர் கண்ட சேர்மாரின் பட்டம் ஆளோடு சுடலைக்குப் போய்விடும். தகப்பன் கண்ணை மூடியதும் மூத்த மகன் தலையில் ஏறி, முந்நூறு வருஷமாய்ச் சாகாமல் இருக்கிற பட்டமும் உலகத்தில் உண்டு என்பதைச் சந்திரவதனா 1995இல்தான் அறிந்தாள். அதுவும் கனடாவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், தான் வாரத்துக்கு மூன்று நாள் சமைத்துத் துடைத்து மருந்து கொடுக்கப் போகிற வீட்டில்.

வீட்டுக்காரர் அலெக்ஸாண்டர் மக்ரோறிக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருஷம் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் ஓட்டி ஓய்ந்தவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்த மார்ச் மாதம் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு வழக்கறிஞரின் கடிதம் வந்தது. அவருடைய பெரியப்பாவின் பேரன், கின்லோறன் என்ற இடத்துப் பரோனெட், அதாவது பரம்பரைச் சேர், ஆண் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார். இரத்த முறைப்படி அடுத்த ஆள் அலெக்ஸாண்டர். ஆனால் முறையான கலியாணத்தில் பிறந்தவருக்கே பட்டம் போகும். 1921 ஓகஸ்டில் கனடா வந்த கப்பலின் பதிவில் அவருடைய தாய் எல்ஸ்பத், ‘மணமாகாத பணிப்பெண்’. பிள்ளை பிறந்ததோ டிசெம்பரில். ரொறன்ரோவில் கலியாணப் பதிவே இல்லை. ஆகவே மன்னிக்கவும் என்று முடித்திருந்தார் அந்த மகாராசன்.

கிழவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பட்டத்துக்கு ஏங்குகிற மனிதர் அல்ல அவர்.

“தெருப் பையன்கள் இதையேதான் சொன்னார்கள். அம்மாவிடம் அழுதுகொண்டு போனால், ‘எனக்குக் கலியாணம் ஆனது எனக்குத் தெரியும்’ என்பாள். இரண்டு சாட்சி முன்னால் ‘நீ என் மனைவி, நீர் என் கணவர்’ என்று சொன்னாலே அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சட்டப்படி கலியாணம். இன்னொரு முறை கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்துவிட்டாள். இப்போது ஒருவன் முத்திரை குத்தியே எழுதிவிட்டான்” என்றார்.

ஒரு பெண் ஏன் அப்படி எழுதினாள் என்பது அந்த வழக்கறிஞருக்கு விளங்காமல் போகலாம், சந்திரவதனாவுக்கு விளங்கும். நாலு வருஷத்துக்கு முன் அகதி விண்ணப்பத்தில் அவளும் அதைத்தான் எழுதினாள். கழுத்துத் தாலிக்கொடியைக் கழற்றி உள்பாவாடையில் வைத்துத் தைத்துக்கொண்டுதான் எழுதினாள். அவளுடைய விநாயகமூர்த்தி இன்னும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் இருக்கிறார். கடதாசியில் இல்லாத கணவரைக் கனடாவுக்கு எப்படிக் கூப்பிடுவது?

அன்று பின்னேரம், அறையைப் பகிர்ந்திருந்த ரதியிடம் யோசனை கேட்டாள்.

“வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடாதை அக்கா” என்றாள் ரதி. “வெள்ளைக்காரனுக்குச் சொல்லி, அவன் ஆருக்கும் சொல்லி, உன்னைப் பொய்க்காரி எண்டு திருப்பி அனுப்பினா என்ன செய்வாய்?”

ரதி சொன்னதில் பிழையில்லை. இருந்தாலும் செத்துப்போன ஒருத்திக்காகப் பேச உலகத்தில் வேறு ஆள் இல்லையே என்ற எண்ணம் சந்திரவதனாவை விடவில்லை. மறுநாள் சூப் கோப்பையை வைத்த கையோடு சொல்லிவிட்டாள். பேசியது ஆங்கிலம்தான். அதற்குள் இருந்த தமிழ் இது:

“நானும் கலியாணம் கட்டேல்லை எண்டுதான் எழுதினனான், மிஸ்ரர் அலெக்ஸ். வாசல்ல நிக்கிறவள் உள்ள விடுற மறுமொழியைத்தான் சொல்லுவாள். எனக்கு அப்பிடிச் சொல்லச் சொல்லி என்ர இவர்தான் எழுதினவர். உங்கட அம்மாவுக்கும் ஆரோ எழுதியிருப்பினம்.”

“எழுதியிருந்தால் எரித்திருப்பாளே?”

“இவரும் கிழிச்சுப்போடு எண்டுதான் எழுதினவர். நான் கிழிக்கேல்லை. புருஷன் எழுதின கடிதத்தை ஆர் கிழிப்பினம்? பிள்ளையார் படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன்.”

கிழவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் சாமிப்படம் கிடையாது. சுவரில் இருந்தது தகப்பன் ஜேம்ஸின் படம் ஒன்றுதான். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் கையாலேயே துடைப்பாள், மகனைத் தொட விட்டதில்லை. சந்திரவதனா கதிரையில் ஏறி அதை இறக்கினாள். பின் அட்டையைக் கழற்ற, நாலாய் மடித்த தாள் கிழவரின் மடியில் விழுந்தது.

‘எல்ஸ்பத், தனியாள் பணிப்பெண்ணுக்குக் கப்பலில் உடனே இடம் கொடுக்கிறார்கள். மணமாகவில்லை என்று சொல். தபால்காரர் வீட்டில், அவரும் மனைவியும் பார்த்திருக்க நாம் சொன்ன சொல் இதனால் அழியாது. நீ என் மனைவி. வாசித்ததும் எரித்துவிடு. ஜேம்ஸ்.’

கிழவர் குழந்தைபோல் அழுதார். சந்திரவதனாவும் அழுதாள், பாதி அவருக்காக, பாதி தனக்காக.

கடிதம் ஸ்கொட்லாந்து போய், இன்னும் பல பத்திரங்கள் சேர்ந்து, ஏழு மாதம் இழுபட்டு, ஒக்ரோபரில் பட்டம் உறுதியானது. அலெக்ஸாண்டர் கதவில் பெயர்ப்பலகைகூட மாற்றவில்லை. அவர் போனால் பட்டம் வேறு கிளைக்குப் போய்விடும், அதுவும் அவருக்குத் தெரியும். தாயின் கல்லறையைத்தான் மாற்றினார். வெறும் ‘எல்ஸ்பத்’ என்றிருந்த கல்லில் ‘ஜேம்ஸ் மக்ரோறியின் மனைவி’ என்று வெட்டுவித்து, அதைக் காட்டச் சந்திரவதனாவைக் கூட்டிப்போனார்.

“இதற்கு எழுபத்து நாலு வருஷம் பிடித்தது” என்றார். “அம்மா பார்க்கவில்லை. நீயாவது உன்னுடையதை உயிரோடு பார்க்கவேண்டும்.”

அடுத்த திங்கட்கிழமை அவள் பிள்ளையார் படத்தைக் கழற்றினாள். பின்னால் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். குடிவரவு வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணியிடம் கிழவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பிழையாய் எழுதியதை இவளாகவே வந்து திருத்துகிறாள், சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் என்று சட்டத்தரணி ஒளிக்காமல் சொன்னார். இவளுக்குக் கணவர் உண்டு என்று இங்கே யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார்.

“எனக்கு மார்ச்சிலிருந்து தெரியும்” என்றார் கிழவர்.

அதையே சாட்சியாய்ச் சொல்லும் சத்தியக் கடதாசியை அவர் முன்னால் வைத்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் ஆயுளில் முதல் தடவையாக, ‘சேர் அலெக்ஸாண்டர் மக்ரோறி’ என்று முழுதாய் எழுதிக் கையெழுத்திட்டார்.