குழிக்குள் இருக்கும் வரை

உலர்ந்த ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டைத் துணியில் முடிந்து வாளிக்குள் வைத்தாள் அடீலியா புரூயிட். உருளையின் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கயிறு தளர்ந்து வாளி குழிக்குள் இறங்கியது. அது அடியைத் தொடும்வரை எதிர்மேட்டில் நின்ற கிரெப்ஸை விட்டு அவள் கண் அகலவில்லை.

"நல்லாப் பாத்துக்கோ கிரெப்ஸு. கூலி குடுத்தாச்சு."

கிரெப்ஸ் பனியில் காறித் துப்பினான். அவனுக்குப் பின்னால் முகாமின் ஆண்கள் பாதிப்பேர், கிறிஸ்துமஸ் விருந்து விஸ்கியின் சூட்டோடு, வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

இந்த மலையில் தங்கம் தோண்ட வந்தவர்களுக்கு அரசாங்கம் எட்டாத தூரம். அதனால் சட்டத்தை அவர்களே போட்டுக்கொண்டார்கள். ஒரு குழியில் ஒரு வாரம் வேலை நடக்காவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை. முதலில் எல்லை முளை அடிப்பவன் எடுத்துக்கொள்ளலாம். உரியவனால் முடியாவிட்டால் கூலியாள் செய்யலாம், ஆனால் கூலி கைமாற வேண்டும், பொழுது சாயும்வரை அவன் குழியை விட்டு ஏறக் கூடாது. கூலி தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேலை நடக்கும் குழிக்குள் அடுத்தவன் கால் வைக்கக் கூடாது. அடீலியாவின் கணவன் ஈனோஸ் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையாக இருந்தான். வாரம் இன்று சூரியன் மறைவதோடு முடிகிறது. நேற்று அவளே இறங்கித் தோண்டினாள். பெண் தோண்டினால் கணக்கில் சேராது என்றார்கள். கூலிக்கு ஆள் கேட்டுக் கூடாரம் கூடாரமாகப் போனாள். அந்தக் குழிமேல் கண் வைத்திருந்த கிரெப்ஸ் வாங்கிக் கொடுத்த விஸ்கியைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று நண்பகலில் அவள் குடிசைக் கதவைத் தட்டியவன் ரூஃபஸ் டாகெட். அடிதடிக்குப் பேர்போனவன். சாராயக்கடையின் கதவை இரண்டுமுறை ஆளோடு சேர்த்துப் பெயர்த்ததால், கிறிஸ்துமஸ் விருந்துக்கு வராதே என்று அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். இலையுதிர்காலத்தில் ஈனோஸின் இடது காதில் ஒரு துண்டைக் கடித்துத் துப்பியவனும் அவன்தான்.

"நீயா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்த?"

"காது விஷயம் வேற, குழி விஷயம் வேற, புரூயிட்டம்மா. இன்னைக்கு எனக்கு வேற சோலி இல்ல. விருந்துக்கும் கூப்பிடல. கூலிக்கு என்ன வச்சிருக்க?"

அப்படித்தான் அவன் குழிக்குள் போனான்.

உறைந்த சரளையைப் பிக்காசால் கொத்தினால் பிக்காசுதான் மழுங்கும். அதனால் முதலில் அடியில் தீ மூட்ட வேண்டும். கற்கள் சூடேறி, அந்தச் சூடு கீழே ஊறி, முழங்கை ஆழத்துக்கு மண் இளகும். சாம்பலைத் தள்ளிவிட்டு, அது மறுபடி இறுகுவதற்குள் தோண்டிவிட வேண்டும். டாகெட் ஒரு மூலையில் தீ மூட்டினான், மறு மூலையில் தோண்டினான். வாளி வாளியாகச் சரளை மேலே வந்தது. அடீலியா உருளையைச் சுற்றினாள்.

கிரெப்ஸின் ஆட்கள் விளிம்புக்கு வந்து பனியை அள்ளித் தீயின்மேல் கொட்டினார்கள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. தீ அணைந்தது என்று அடீலியா விளிம்புக்கு ஓடினாள். கீழிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் போடுங்கடா! வெந்நியா எறங்குது, தீய விட நல்லா எளக்குதுடா!"

சூடான கல்லில் விழுந்த பனி வெந்நீராகிச் சரளையின் இடுக்கெல்லாம் புகுந்திருந்தது. பிக்காசு மெத்தென்று இறங்கியது. கொட்டியவர்கள் கையை உதறிக்கொண்டு நின்றார்கள்.

கிரெப்ஸ் வேறு வழி பிடித்தான். டாகெட் வேலையை விட்டு மேலே ஏறினால் போதும், கூலி வேலை பாதியில் நின்றதாகிவிடும். அவனை ஏற வைப்பது அப்படியொன்றும் கடினமில்லை என்று முகாமில் எல்லாருக்கும் தெரியும்.

"டாகெட்டு, உங்காத்தா உன்னப் பெத்தாளா, கரடிகிட்ட வாங்குனாளா?"

பிக்காசு இறங்கியது.

"ஒரு துண்டு கேக்குக்கு நாயா உழைக்கிறான் பாருங்கடா!"

பிக்காசு இறங்கியது.

கிரெப்ஸ் குனிந்தான். "உன் தம்பி வெள்ளத்துல போனப்பவும் இப்படித்தான் குழிக்குள்ள ஒளிஞ்சிருந்தியாமே?"

பிக்காசு நின்றது. ஏணியின் முதல் படி கிறீச்சிட்டது. மேலே யாரோ சிரித்தார்கள். அடீலியா விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அவனுடைய ஒரு கால் படியில் இருந்தது, மற்றது இன்னும் சரளையில். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன.

"டாகெட்டு! கூலி வாங்கிட்ட! என் புருஷன் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான். இந்தக் குழிய விட்டா நாங்க போக இடமில்ல!"

அவன் அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வை கிரெப்ஸுக்கா தனக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாகக் காலை எடுத்தான். கேக்கை வாயில் திணித்துக்கொண்டு, மென்றபடியே தோண்டினான். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான், வாய் நிறைய:

"கீழ வந்து சொல்லுடா. வரமாட்டல்ல? சட்டம்டா!"

வெயில் மேற்கு முகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு கழன்றது. பனி நீலமானது.

"புரூயிட்டம்மா, சூரியன் போயிருச்சா?"

"போயிருச்சு."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. கிரெப்ஸும் பாத்தான்."

"அப்ப என் வேல முடிஞ்சுது."

பிக்காசைச் சரளையில் ஊன்றும் சத்தம் கேட்டது. மேலங்கியைக் கழற்றி எறியும் சத்தமும் கேட்டது. கிரெப்ஸின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். கிரெப்ஸ் மட்டும் நகர மறந்து நின்றான்.

ஏணி ஆடியது. அடீலியா ஓடிப்போய் அதன் மேல்முனைகளை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, வழுக்காதபடி பனியில் குதிகாலை ஊன்றிக்கொண்டாள். குழியின் விளிம்புக்கு மேல் முதலில் வந்தவை, ஆவி பறக்கும் இரண்டு கைகள்.