மசக்கைக்குக் கேட்ட விரால்

மானாம்பதி ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவி அம்சா. குஞ்சுகளோடு திரியும் விராலைப் பிடிக்கக் கூடாது என்பது எல்லோரும் கூடிப் போட்ட கட்டுப்பாடு. அன்று அவள் புருசன் ஆண்டியே அப்படியொரு விராலைக் குடத்தில் உயிரோடு கொண்டுவந்து வைத்தான்.

"கட்டுப்பாடு ஊருக்குத்தானா? உனக்கில்லியா?" என்று கத்தினாள்.

"மருமவ மசக்கையில ஒன்னும் துன்னாம கெடக்குது. வெரால் கொயம்புதான் கேட்டுச்சு."

அம்சா முனகிக்கொண்டே மசாலா அரைத்தாள்.

மருமகள் காவியா வந்து குடத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கை வயிற்றைத் தடவியது. "இதோட குஞ்சுங்கல்லாம் எங்க கீது, மாமா?"

அம்சா குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.

"அரைச்ச மசாலா?" என்றான் ஆண்டி.

"கத்திரிக்கா கீதுய்யா. எந்த எடத்துல புடிச்சே, வந்து காட்டு. குஞ்சுங்க தேடிக்கினு இருக்கும்."