சோப்பு அலமாரியில் ஒரு பெட்டி டீத்தூள்

"இது டீயாம்மா? யாரோட சட்டையை அலசின தண்ணி இது?"

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க! எல்லாரும்தான் குடிக்கிறாங்க. உங்க நாக்கு மட்டும் என்ன தங்கத்துல செஞ்சதா?"

"நாக்கு இல்ல, மூக்கு! கிளாஸ் பூரா சோப்பு மணக்குது!"

சலவைக்கடையின் பின்னறையில் எழுந்த சத்தம் தெருவரை வந்துவிட்டது. துவைத்த துணியை வாங்க வந்த ஒருத்தி, வாங்கின பிறகும் போக மனமில்லாமல் கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டு நின்றாள். இலவசமாக ஒரு சண்டை கிடைக்கும்போது யார்தான் வீட்டுக்கு ஓடுவார்கள்?

தங்க நாக்குக்காரர் அந்தக் கடையில் துவைக்கும் மிஷினை ஓட்டுபவர். படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டு, வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். எதிரில் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றவள் கஞ்சியக்கா. துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. பேர் அதனால் வந்ததா, அவள் கைக் கஞ்சத்தனத்தால் வந்ததா என்று அந்தத் தெருவில் இரண்டு கட்சி உண்டு. அவளைவிட மூத்த முதலாளியம்மாவே "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். மிஷின்காரர் ஒருத்தர் மட்டும் "இந்தாம்மா" என்பார். அதை அப்போதே யாராவது கவனித்திருக்க வேண்டும். கோட்டை விட்டுவிட்டோம்.

கடையில் டீப் பொறுப்பு கஞ்சியக்காவுடையது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பது, தூள் வாங்குவது, போட்டுக் கொடுப்பது எல்லாம் அவள்தான். தேய்க்கிற துணி ஊராருடையது, இஸ்திரிப்பெட்டி முதலாளியம்மாவுடையது, குடியிருக்கும் அறை அண்ணனுடையது. இவளுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் அந்த டீ ஒன்றுதான் இருந்தது.

அதில் அவள் கெட்டிக்காரி என்பதை விரோதியும் ஒப்புக்கொள்வான். படம் போட்ட பாக்கெட்டைத் தொடமாட்டாள், "படத்தைக் கொதிக்க வச்சா குடிக்க முடியும்?" என்பாள். சில்லறைத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். உடனே சாயம் இறங்கினால், கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டுவாள். நிறத்துக்குப் பொடித்தூள், மணத்துக்குக் கொஞ்சம் இலைத்தூள், இரண்டையும் கலந்தால்தான் கட்டுப்படியாகும். தூளைப் போட்டுக் கொதிக்க விடமாட்டாள். கொதித்த தண்ணீரை இறக்கி, தூளைப் போட்டு மூடிவிட்டு, ஒரு சட்டையின் காலரையும் இரண்டு கைகளையும் தேய்ப்பாள். தேய்த்து முடிந்தால் டீ இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து அரைக்கைச் சட்டை வந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்கைச் சட்டையைத் தேடி எடுப்பாள்.

இத்தனை சாமர்த்தியக்காரிதான் இந்தத் தடவை அகலக்கால் வைத்தாள். விலை ஏறப்போகிறது என்று மொத்த வியாபாரி காதைக் கடித்ததும், எல்லோரிடமும் முன்கூட்டியே காசு வாங்கி ஒரு பெட்டித் தூளை இறக்கிவிட்டாள். அடுத்த மழைக்காலம் வரை கவலையில்லை. ஆனால் எங்கே வைப்பது? அந்தக் கடையில் சுவர்கூட வியர்க்கும். காய்ந்த இடம் ஒன்றே ஒன்று, கொதிகலனை ஒட்டிய அலமாரி. அங்கேதான் சோப்புத்தூள் மூட்டைகள் இருக்கும். சோப்புத்தூள் கட்டி தட்டாத இடத்தில் டீத்தூள் மட்டும் கட்டி தட்டுமா என்ன? சலவைக்கடை மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

"ஏன் சீட்டுக்காரரே, நீங்க சொல்லுங்க. டீ எப்படி இருக்கு?" என்று அவள் முன்பக்கம் திரும்பிக் கேட்டாள்.

வாசலோரம் உட்கார்ந்து, வருகிற துணிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் அவர். சாந்தமான மனிதர். கஞ்சியக்கா பக்கம் அவருக்கு ஒரு கண் உண்டு என்பதும், அதற்கு அவளிடமும் மறுப்பில்லை என்பதும் தெருவுக்கே தெரியும்.

"நல்லாருக்கு" என்றார் சீட்டுக்காரர்.

முதலாளியம்மாவும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பொழுதன்னைக்கும் சோப்புக்குள்ளயே கிடக்குறீங்க, மூக்கு செத்துப்போச்சு!" என்றார் மிஷின்காரர். "நான் இத்தனை நாள் வீட்ல கிடந்ததுல என் மூக்குக்கு உயிர் வந்திருக்கு. இன்னும் நாலு நாள் இந்த மிஷின்கிட்ட நின்னா எனக்கும் தெரியாமப் போயிடும். அதுக்குள்ள அந்தப் பெட்டியை இடம் மாத்தும்மா."

"பொறுப்பைப் பிடுங்கணும்னு பார்க்குறீங்க!"

"தினமும் சண்டைன்னா இந்த டீ வேலையே வேண்டாம்" என்றாள் முதலாளியம்மா. "எதிர்க்கடையிலேர்ந்து பிளாஸ்க்ல வரவழைச்சிடலாம். அவங்கவங்க காசு, அவங்கவங்க டீ. ஒரு முடிவுக்கு வாங்க ரெண்டு பேரும்."

அன்றைக்குக் கஞ்சியக்கா தேய்த்த காலர் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

வீட்டிலும் ஒரு கை அள்ளிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தாள். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "சோப்பு வாசனை அடிக்குதே" என்றாள். ஆனால் அண்ணி தினமும் அதைத்தான் சொல்வாள். கஞ்சியக்கா கொடுத்த தண்ணீரில் சோப்பு வாசனை, தலையணையில் சோப்பு வாசனை, உட்கார்ந்து எழுந்த நாற்காலியிலும் சோப்பு வாசனை. நாத்தனாரைக் குறை சொல்லப் பிறந்தவள் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்? மீதித் தூளை ஒரு டப்பாவில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அந்த வாரமே கொதிகலன் மக்கர் செய்தது. பழுது பார்க்கும் ஆள் உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சாமான் வாங்கப் போனான். கடைக்குச் சில நாள் பூட்டு. கஞ்சியக்கா வீட்டில் கிடந்து அண்ணியின் பேச்சைக் கேட்டாள், பழைய துணி தைத்தாள், சமையலில் கைகொடுத்தாள். ஒருநாள் காலையில், பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்குவது அவள் மூக்கில் ஏறியது. "என்ன அண்ணி, இன்னைக்குத்தான் இவங்க வெங்காயம் வதக்குறாங்களா?" என்று கேட்டாள்.

"தினமும்தான் வதக்குறாங்க" என்றாள் அண்ணி. "உனக்கு என்ன இன்னைக்குப் புதுசா?"

கஞ்சியக்கா சட்டென்று எழுந்து பரணிலிருந்த டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

குப்பென்று வந்தது. புதுச் சோப்புக்கட்டியின் உறையைப் பிரித்த மாதிரி.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி வந்து பார்த்தாள். "நான் சொன்னேன்ல?" என்று கேட்க அவளுக்கு வாய் வந்ததுதான். முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டாள். அண்ணியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான், சொல்லிவிட்டோம்.

கடை திறந்த அன்று கஞ்சியக்கா முதல் ஆளாகப் போய் எல்லோரும் வரக் காத்திருந்தாள். "தப்பு என்னோடதுதான். சோப்பு பக்கத்துல வச்சது நான். இவர் சொன்னது நிஜம். பொறுப்பை யாருக்கு வேணா குடுங்க" என்றாள். மிஷின்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு நேரே சீட்டுக்காரரிடம் போனாள். "நீங்க வாசல்ல காத்துல உக்காந்திருக்கீங்க. உங்க மூக்குக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத் தெரியலையா?"

அவர் சீட்டுக்கட்டை அடுக்கி அடுக்கி வைத்தார். "தெரிஞ்சுது."

"எப்போ?"

"முதல் நாளே. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"அதனால எல்லாரையும் சோப்பு குடிக்க விட்டீங்க. என்னை இவங்க முன்னாடி கத்தவும் விட்டீங்க."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதாங்க" என்றார் அவர், பரிதாபமாக.

நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க என்ன செய்வது என்று அவளுக்கு அந்த நிமிஷம் விளங்கவில்லை.

மிஷின்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தார். "பூராவும் கெட்டிருக்காதும்மா. ஓரமாத்தான் ஏறியிருக்கும், நடுவுல நல்லா இருக்கும். மூக்கு இருக்கும்போதே பார்த்துடலாம், வா."

நடைபாதையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு கரண்டியாக எடுத்து நீட்ட, அவர் முகர்ந்தார்.

"இது?"

"சோப்பு."

"இது?"

"டீ. அருமையான டீ."

"சந்தேகமா இருந்தா சொல்லுங்க, எனக்காகச் சொல்லாதீங்க."

"உனக்காக நான் எப்பம்மா சொல்லியிருக்கேன்?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சில பேர் போன வழியே திரும்பி வந்தும் பார்த்தார்கள்.

பெட்டியில் பாதிக்குமேல் பிழைத்தது. முதலாளியம்மா பிளாஸ்க் பேச்சை விட்டுவிட்டாள். "அடுத்த பெட்டியும் அக்காவே வாங்கட்டும். வைக்கிற இடத்தை மட்டும் யாரையாவது கேட்டு வைங்க." நல்ல தூள், இறுக்கமான மூடி போட்ட பாத்திரங்களில் அண்ணி வீட்டுக்குப் போனது, வாரத்துக்கு வேண்டியது மட்டும் கடைக்கு வந்தது. கெட்டதைத் தூக்கிப்போட மனம் வராமல் கஞ்சியக்கா தனியாகவே குடித்துத் தீர்த்தாள். சோப்புக் கரைந்ததில் வயிறு வெளுத்திருக்கும் என்று மிஷின்காரர் கிண்டல் செய்தார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதும் புதுப்பெட்டி வாங்குவதற்கு முன், மூக்கைத் தேற்றிக்கொண்டு வரட்டும் என்று கஞ்சியக்கா அவரை லீவு போடவைத்து அண்ணி வீட்டுக்கு அனுப்புகிறாள். அண்ணி நன்றாகச் சோறு போடுகிறாள் என்பதால் அவருக்கும் இதில் வருத்தமில்லை.

சீட்டுக்காரர் வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, முதலாளியம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகளைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணின் குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கை தூக்கலாகத்தான் இருக்கும். தினமும் பரிமாறிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பாளாம். அவரும் தினமும் நல்லாருக்கு என்பாராம். பாவம், அவள் அதை நம்பி விருந்தாளிகளை வேறு கூப்பிடுகிறாள்.