அமரச் சொல்ல மறந்த சனிக்கிழமை

1974 ஆகஸ்டு பத்தாம் தேதி சனிக்கிழமை மாலை நாலு பத்துக்குச் செம்பாக்கா தேயிலைத் தோட்டத்துச் சமூக சேவை மன்றத்தில் தொடங்கிய ஒரு நிமிட மௌனம், பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம் பதினெட்டு நாள் நீடித்தது. தப்பு, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் நாகரத்தினத்துடையது. மன்றத்தின் நேரக் காப்பாளர் அவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் முடிந்ததும் மணியைத் தட்டி "அமரலாம்" என்று சொல்ல வேண்டும். அதைவிட லேசான பதவி அந்த மன்றத்தில் கிடையாது. அதனால்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

மன்றம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம், பதினெட்டு உறுப்பினர்கள், நாகரத்தினம் தவிர எல்லாரும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார், வாத்தியார்மார். தலைவர் பெரிய கிராணி செல்லையா. சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கூடி, வருகை எடுத்து, வடை தின்று, தோட்டத்துக்கு என்ன நல்லது செய்யலாம் என்று பேசுவார்கள். தோட்டத்தில் யாராவது செத்துப்போனால் ஒரு நிமிட மௌனம், பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஒரு கம்பளிப் போர்வை. குளிர் மலையில் அது உண்மையிலேயே உபயோகமான சாமான்.

அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் அம்சம் ஒன்று வருகை, இரண்டு மணியம்மாவுக்காக மௌனம், மூன்று போர்வை. மணியம்மா களைக்கொல்லி மருந்தடிக்கிற கேங்கில் இருந்தவள். முதுகில் கட்டிய மருந்து டின் ஒழுகிக்கொண்டிருந்ததைக் கங்காணியிடம் இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் ஒரு காலையில் தோட்டத்து மருந்தகத்தில் வரிசையில் நின்று, தொண்டை எரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்று டிரஸ்ஸரிடம் எம்சி கேட்டாள். சம்பளத்தோடு சீக்கு விடுப்பு எழுதித் தரும் அந்தத் துண்டுக் காகிதத்தைத் தோட்டத்தில் எழுதக்கூடிய ஒரே கை நாகரத்தினத்தின் கை. மாதக் கடைசி என்பதால் தோட்ட மேனேஜர் துரை எம்சிகளைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நாகரத்தினம் எதையும் ஒரு ஜோக்கோடு கொடுக்கிறவர், மறுப்பதையும் ஜோக்கோடுதான் மறுப்பார்.

"ஒந்தொண்ட கம்முனா லீவு ஒனக்கில்ல, ஒம்புருசனுக்குத்தான். அவன வரச்சொல்லு லா, எம்சி எழுதித் தர்றேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மணியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு வெள்ளை மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பதினோராம் நாள் மூச்சு முட்டிச் செத்துப்போனாள்.

மௌனத்தின்போது புருஷன் காளியண்ணன் வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றான். நாகரத்தினம் கடிகார முள்ளைப் பார்த்தார். ஐம்பத்தெட்டாவது வினாடியில் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தால் 'அமரலாம்' வருமா அந்த ஜோக் வருமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திறக்கவில்லை. நிமிஷம் போய்விட்டது.

ஐந்து நிமிஷம் கழித்து உறுப்பினர்கள் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் சத்தம் போடவில்லை. செல்லையா வாயைத் திறந்து என்னவோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பெய்த மழை தகரத்தில் விழுந்து தெறிப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, அதுவும் கேட்கவில்லை. நாகரத்தினம் பதறிப்போய் மணியைத் தட்டினார், பிறகு குத்தினார், 'அமரலாம் அமரலாம்' என்று மீன் மாதிரி வாயசைத்தார். படி தாண்டி வெளியே வந்ததும் எல்லாருக்கும் குரல் திரும்பியது. அவருக்கு மட்டும் இன்னொன்றும் நேர்ந்தது. அந்த மண்டபத்துக்குள் அவர் முழங்கால் மடங்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரலாம், சாப்பிடக் குந்தலாம். உள்ளே நின்றபடிதான்.

சீனி விலை ஏறியதையும் இதையும் ஜனங்கள் ஒரே மூச்சில் பேசினார்கள், கொஞ்ச நாளில் இரண்டும் பழகிவிட்டன. தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து மன்றத்தார் சுண்ணாம்புக்கட்டியால் விவாதித்தார்கள். தூங்காத பிள்ளைகளைத் தாய்மார் அங்கே தூக்கிவந்து கிடத்தினார்கள். துரை ஒரு தீபாவளிக்கு வந்து நாற்பது நிமிஷம் பேசினார். அவருடைய பேச்சுகளில் எல்லாருக்கும் பிடித்தது அது ஒன்றுதான். தானா ராத்தா டவுனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, மண்டபத்தில் எதிரொலி குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்.

ஒரு சட்டச் சிக்கல் மட்டும் இருந்தது. இரண்டாவது அம்சம் முடியாமல் மூன்றாவதுக்குப் போக முடியாது, கூட்டம் முடியாமல் அடுத்த கூட்டம் தொடங்க முடியாது. ஆகவே அதற்கப்புறம் வந்த சனிக்கிழமை ஒவ்வொன்றும் அதே கூட்டம்தான். போர்வை தலைவர் மேசையிலேயே பாச்சா உருண்டை வாசனையோடு கிடந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய காளியண்ணனும் வாராவாரம் வந்து, படியில் ஒரு கால் வைத்து, ஐந்து மணி வரைக்கும் நின்றுவிட்டுப் போனான். அதற்குள் மருந்தடிக்கிற கேங்கில் இன்னும் மூன்று பேர் செத்தார்கள். மன்றம் அவர்களுக்குத் தனியாக மௌனம் அனுசரிக்கவில்லை. நடந்துகொண்டிருந்ததிலேயே சேர்த்துக்கொண்டது.

அந்த மூன்று பேருக்கும் நாகரத்தினம் கேட்ட உடனே எம்சி கொடுத்திருந்தார். மணியம்மாவுக்குப் பிறகு அவர் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. தும்மினவனுக்கு ஒரு நாள், கொட்டாவி விட்டவனுக்கு அரை நாள். துரை மூன்று தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். எம்சி டிரஸ்ஸர் என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பேரும் எம்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செத்தார்கள். அப்படியானால் அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மணியம்மா பிழைத்திருப்பாளா மாட்டாளா? அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில். டவுன் டாக்டரிடம் கேட்டார். சொல்வதற்கில்லை என்றார். செல்லையாவிடம் கேட்டார். "விதி சார், விடுங்க" என்றார். மலைக்குக் கீழே தாப்பாவில் ஒரு ஜோசியனிடம்கூடக் கேட்டார், அவன் அவருக்கு இரண்டாம் தாரம் உண்டு என்றான்.

காளியண்ணனிடம் கேட்காத சனிக்கிழமை கிடையாது. ஆனால் கேட்ட விதம் அப்படி. மண்டபத்துக்கு வெளியே, பாக்கைக் குதப்பிக்கொண்டு, ஏதோ மழையை விசாரிப்பதுபோல.

"என்னா காளி, எம்மேல கோவமா? கோவம்னா சொல்லு லா, கோவத்துக்கும் மாத்திர இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்கய்யா. தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சேன். மணியம்மா என்னப் பத்தி எதுனா சொல்லுச்சா, கடைசில?"

"தாமரைக்கு இழுப்பு சாஸ்தியா இருக்குங்கய்யா. சாயங்காலம் கூட்டியாரவா?"

தாமரை அவன் மகள், தாய் சாகும்போது எட்டு வயசு. மலைக் குளிரில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொள்ளும். கூட்டியா என்பார் நாகரத்தினம். எந்த நேரமானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே நடந்துபோய் ஊசி போட்டார். அவள் வளர்ந்து கொழுந்து பறிக்கிற பெண்ணாகிறவரைக்கும் போட்டார். ஊசியை எடுத்து வைக்கும்போது காளியண்ணன் முகத்தைப் பார்ப்பார். காளியண்ணன் ஊசியைப் பார்ப்பான்.

1987 மார்ச்சு இருபத்தெட்டு. நாகரத்தினத்துக்கு ஐம்பத்தைந்து வயசு முடிந்து ஓய்வு வந்திருந்தது. புது டிரஸ்ஸர் முந்தின நாளே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். சாமான்கள் லோரியில் ஏறிவிட்டன. மழையில் நனைந்துகொண்டே அவர் மண்டபத்துக்கு வந்து, அறுநூற்று அறுபதாவது தடவையாகத் தன் இடத்தில் நின்றார். பிரிவு உபசார உரை எழுதச் சொல்லி செல்லையா சுண்ணாம்புக்கட்டியை நீட்டினார். அவர் முதலில் ஒரு ஜோக் எழுதினார். வாத்தியார்மார் இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளங்கையால் அழித்துவிட்டு, கோணல் எழுத்தில் வேறொன்று எழுதினார்.

'மணியம்மாவுக்கு எம்சி கொடுக்காமல் நான்தான் கொன்றேன். ஆமாவா, இல்லையா?'

எழுதிவிட்டு வாசலைப் பார்த்தார். காளியண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு வெளியே இருந்த காலையும் தூக்கி உள்ளே வைத்தான். பன்னிரண்டு வருஷத்தில் அது முதல் தடவை. அவன் வாயைத் திறப்பதைப் பார்த்து, பாவம், பழக்கதோஷம் என்று உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் குரல் கேட்டது.

"ஆமாங்கய்யா."

உறுப்பினர்கள் தலையைத் தூக்கினார்கள். அவன் மேலே பேசினான்.

"அன்னிக்கு எம்சி எழுதியிருந்தா லோரி புடிச்சி தானா ராத்தா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன். பொழச்சிருப்பாளோ மாட்டாளோ, அது வேற. போயிருப்பேன். நீங்க போவ வுடல. ஒங்க ஜோக்க வீட்டுல வந்து சொன்னா. நானும் சிரிச்சேன். இத்தன வருசமா ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க. எம்புள்ளைக்கு ஊசி போடற கை ஒங்க கை. நாளைலேருந்து வேற கை."

அவன் நாகரத்தினத்தின் நாற்காலியைக் காட்டினான்.

"உக்காருங்க," என்றான்.

முழங்கால் மடங்கியது. நாற்காலி கிறீச்சிட்டதை எல்லாரும் கேட்டார்கள், அப்புறம் கூரையில் மழையை. செல்லையா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, போர்வையைக் கையில் எடுத்து, மூன்றாவது அம்சத்தை வாசித்தார்.