மூடி போட்ட டிரம்மில் பால் ஆமை

ஓர் உயிரின் விலை நானூறு ரூபாய் என்றான் டிப்பர் டிரைவர் டில்லிபாபு. வல்லம் வடகால் ஊரில் காய்ந்துபோன குட்டையை ஜேசிபி தோண்டியபோது, மண்ணுக்குள் புதைந்து கோடையைத் தூங்கிக் கழித்துக்கொண்டிருந்த பால் ஆமையும் அள்ளிய மண்ணோடு மேலே வந்துவிட்டதாம்.

கம்பெனி கேட்டில் மீன்குழம்புச் சோறு விற்கும் கோவிந்தம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். பின்கால்கள் உள்ளே போனதும் அடிவயிற்று மடல் இரண்டும் கடை ஷட்டர் மாதிரி மூடிக்கொண்டன. மழை வந்ததும் ஏரியில் விட்டுவிடலாம் என்று மனசு இளகியது. இளகியதைக் காட்டினால் விலை ஏறும்.

“செத்ததுக்கு இன்னாடா நானூறு?”

“உயிரு கீதுக்கா!”

“அப்ப நடக்கச் சொல்லு.”

ஆமை அசையவில்லை. ரெண்டு வேளை மீன்சோற்றில் பேரம் முடிந்தது.

உயிர் விரால் வாங்கிப் பழகிய கை. விராலுக்குச் செய்வதையே இதற்கும் செய்தது: டிரம் விளிம்புவரை தண்ணீர், துள்ளி விழாதிருக்க மூடி, மூடிமேல் கல். உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டது. ‘குஷியா கீது’ என்று குழம்பைக் கிளறினாள். சத்தம் நின்றது. ‘தூங்கிடுச்சி.’

ஷிப்ட் முடிந்து சாப்பிட வந்த ஷெர்லின் மூடியைத் திறந்தாள். தூக்கியெடுத்த ஆமையின் கழுத்து துவண்டு தொங்கியது.

“ஐயோ அக்கா, இது மீனா? மூக்கால மூச்சு விடுற ஜீவன்கா! இப்படி அடைச்சிட்டியே!”

வனத்துறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “தலை கீழ இருக்கிற மாதிரி புடிங்க. கழுத்தை மெதுவா நீட்டிவிடுங்க” என்றது ஒரு குரல். ஆமையின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. “இப்ப நிழல்ல, ஈர மண்ணுல வைங்க. காலையில வந்து எடுத்துக்கிறோம். இதை வளர்க்கிறது சட்டப்படி தப்பும்மா.”

“என்னை உள்ள தள்ளிடுவாங்களாடி?”

“மொதல்ல அது பொழைக்கட்டும்.”

கீரைக்கட்டுக்கே கால்மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள், “நீ கேக்குறத வச்சிக்கோ தாயே” என்று எல்லையம்மனிடம் பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டாள். பேசினில் சேறு நிரப்பி, ஆமையை மெல்ல இறக்கினாள். பொழுது சாய்கையில் அதன் தொண்டை லேசாகத் துடித்தது. கம்பெனி மதிலோரம் தண்ணீர் தேங்கிய குட்டையில் முழங்கால் சேற்றில் இறங்கி நத்தை பொறுக்கி வந்து அதன் முன்னே வைத்தாள். ஈரச் சாக்கைப் போர்த்தினாள்.

விடிந்ததும், அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், சாக்கை விலக்கினாள். சேற்றிலிருந்து குழல்மூக்கு ஒன்று நீண்டு காற்றை மோந்தது. பக்கத்தில் நொறுங்கிய ஓட்டுத் துண்டுகள்.

வைத்த நத்தை மூன்று. ஆமை வயிற்றில் இரண்டு. இருப்பு ஒன்று; அதுவும் பேசின் விளிம்பேறித் தப்பப் பார்த்துக்கொண்டிருந்தது.