ஐம்பது அடிக்குள் இரண்டு இனம்

அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையோரம் ஆறு வருடமாக நான் குப்புறப் படுத்திருக்கிறேன். அங்கப்பிரதட்சணம் பாதியில் நின்றுபோன ஆள் என்று நினைத்து, பக்தர்கள் என்னைத் தாண்டாமல் பயபக்தியோடு சுற்றிப் போவார்கள். நான் தாவரவியல் வாத்தியார். பார்த்துக்கொண்டிருந்தது காளானை.

காம்பின் மேல் கோலிக்குண்டு அளவு உருண்டை, உச்சியில் ஒரு வாய். தொட்டால் அதன் வழியே பொடி பறக்கும். இதில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் உண்டு. இரண்டுமே அழியும் தறுவாயில் இருப்பவை. ஒன்றின் வாய் வழவழவென்று வட்டமாக இருக்கும், மற்றதன் வாய் நார்நாராகப் பிரிந்திருக்கும். வனத்துறைக் கம்பிவேலிக்கு உள்ளே வட்டவாய், வெளியே பாதையோரம் நார்வாய் என்று ஐம்பது அடிக்குள் இரண்டையும் கண்டுபிடித்த மேதை நான். நுண்ணோக்கியில் இரண்டின் பொடியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அதற்கும் ஆய்வேட்டில் நாலு பக்கம் விளக்கம் எழுதினேன். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடும் மாணவர்களைத் திட்டுகிறவனும் நானே.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, கடைசியாகப் படம் எடுக்கப் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை. துப்புரவுப் பணியாளர் மணியம்மாள் பேப்பர் கப்புகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தென்னந்துடைப்பம் காளான்கள் மேல் சரக்கென்று போனது. பதறி ஓடினேன்.

"ஐயோ, பாத்துங்க! அபூர்வமான காளான்ங்க அது!"

"இதுவா சார்? மாசாமாசம் என் தொடப்பம் பட்டுத்தான் இதோட வாயி கிழியுது. வேலிக்குள்ள நான் பெருக்கறதில்ல. அதான் அங்க எல்லாம் முழுசா கீது."

குனிந்தேன். அன்றுதான் தலைநீட்டிய ஒன்று. வாயின் ஒரு பாதி வட்டமாக இருந்தது. துடைப்பம் பட்ட பாதி நார்நாராகத் தொங்கியது.

ஆறு வருடம், இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம். அழியாமல் காக்க வேண்டும் என்று நான் மேடை மேடையாகப் பேசிய இனத்தை, அந்த அம்மா நின்ற இடத்திலேயே ஒழித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பா எதனா சொல்ட்டனா சார்?"

இருப்பது ஒரே இனம்தான் என்றால் என் பட்டம் போச்சு என்று சொன்னேன். மணியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்," என்றார் மெதுவாக.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. சீ என்று மறுத்திருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை எக்ஸாமினர் இங்க வந்து பாப்பாருங்க. அதுவரைக்கும் ஓரத்த விடாம, நல்லா அழுத்திப் பெருக்குங்கம்மா."