மாறிப்போன மருந்து

சந்தியாகுவுக்கு விஷயம் தெரியவந்தபோது உச்சிப்பொழுது. காலையில் வந்த நோயாளிக் கூட்டம் கலைந்தபின் மருந்தறைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரெங்கம்மாவுக்கென்று கலக்கி வைத்த காய்ச்சல் மருந்து தட்டிலேயே இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த குப்பியைக் காணவில்லை. அது புண் கழுவுகிற கார்பாலிக். காலையில் அவள் புருஷன் முருகையா வந்து நின்றபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டியது அவர் கைதான்.

ஹாலிஎலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருஷமாக மருந்து கொடுப்பவர் அவர். சனங்கள் டாக்டர் ஐயா என்றே கூப்பிட்டார்கள். அந்த வருஷக் காய்ச்சலில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றிலும் ஓர் உயிராவது போயிருந்தது. இன்னொருத்தி போனால் ஏனென்று கேட்க ஆளில்லை. இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று உடம்பு கூசியது. விஷமுறிவுக்குப் பேதி உப்பை மடித்து எடுத்துக்கொண்டு மேட்டுப்பாதையில் ஓடினார்.

ரெங்கம்மா பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து வெந்திருந்தது.

"வாங்க ஐயா, நீங்களே வந்துட்டீங்க" என்று முருகையா கும்பிட்டான். "ஒரு மடக்குதான் குடிச்சா. வாய் எரியுதுன்னு துடிக்கிறா. காய்ச்சல் முத்திப்போச்சுங்களா?"

பொய்யை யோசித்துக் கட்டுகிற வேலைகூட இல்லை. முருகையாவே கொண்டுவந்து கையில் வைத்துவிட்டான். தலையை ஆட்டினால் போதும். குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடலாம். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தன. ஆனால் பதுளை மாதாகோயிலில், பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கட்டளையை விளக்கிய சாமியார், உண்மை தெரியவேண்டியவன் முன்னால் வாய்மூடி நிற்பதும் பொய்தான் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அது சின்னப் பேச்சாகத்தான் காதில் விழுந்திருந்தது.

"இல்ல முருகையா. இது காய்ச்சலால இல்ல. நான் மருந்த மாத்திக் குடுத்துட்டேன். குடிக்கக் கூடாத மருந்து அது. தப்பு என்னோடது."

முருகையா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். சந்தியாகு விலகவில்லை.

"அப்பறமா அடி. இப்ப முட்டை வேணும். அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கியா. பதுள ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

பிடி தளர்ந்தது. அவன் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினான். அடைக்கு வைத்திருந்த முட்டையைக்கூடச் சனங்கள் எடுத்துவந்து கொடுத்தார்கள். வெள்ளைக்கருவையும் பேதி உப்புத் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாக இறக்கினார். கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். ஏழு மைலும் சந்தியாகு ஒரு தோள் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னவென்று கேட்டதும், எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் காய்ச்சலுக்குத்தான் பார்த்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் சந்தியாகு அந்த விறாந்தையை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் ரெங்கம்மா கஞ்சி விழுங்கினாள். வாசலில் நின்றவரைப் பார்த்து, கரகரத்த குரலில், "இன்னும் போகலியா ஐயா? வீட்டுல புள்ளைங்க தேடுமே" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவர் யார் முன்னாலும் அழுததில்லை. அன்றைக்கு அழுதார்.

தோட்டத்தில் துரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடத்தான் நினைத்திருந்தார். முருகையாவைக் கூப்பிட்டு, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

முருகையா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இவரு சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. அவளப் பொதச்சிட்டு இவரையே கும்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன். இனிமே வர்ற டாக்டரு தப்புப் பண்ணினா சொல்லுவாருன்னு என்னங்க நிச்சயம்? இவரே இருக்கட்டும்."

துரை சுருட்டை அணைத்தார். பிறகு, விஷ மருந்துக்கெல்லாம் தனி அலுமாரியும் பூட்டும் செய்யச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று கையைக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தியாகு பதுளைக்கு நடந்துபோனார். பூசை முடிந்து எல்லோரும் போனபிறகும் முழங்காலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆண்டவரிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. ரெங்கம்மா கஞ்சி குடித்ததையும், முருகையா துரைக்கு முன்னால் பேசிய பேச்சையும் சொல்லிச் சொல்லி நன்றி கூறிக்கொண்டிருந்தார். கோயிற்பிள்ளை வந்து கதவைச் சாத்தவேண்டும் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எழுந்து வெளியே வந்தார்.